கிளிமூக்கு

மண்டிக்காரர்களுக்கு அது பெங்களூரா.
எங்களுக்குக் கிளிமூக்கு.
நுனி வளைந்த காயைக் கையிலெடுக்கும்போதெல்லாம்
என் மூக்கு நினைவுக்கு வரும்.

பதினோரு வருஷமாக அடைத்த மூக்கு.
இடது திறந்தால் வலது சாத்தும்,
ஒரே சாவியை வைத்துக்கொண்டு
இரண்டு வீட்டில் குடியிருப்பவன் மாதிரி.
அண்ணத்துக்குப் பின்னால் ஏதோ ஒழுகிக்கொண்டே இருக்கும்,
வாஷர் போன குழாய்.
நான் செருமுவதை வைத்தே
நாகவேணி வந்தாச்சு என்று கேட்டைத் திறப்பார்
வாட்ச்மேன் சின்னபையன்.

சந்தூர் சாலையில் மாங்கூழ் ஆலை.
மே முதல் ஜூலை வரை மாம்பழம்,
மற்ற மாதம் கொய்யா, தக்காளி.
பழம் மாறும், என் இரவு ஷிஃப்ட் மாறாது.
பத்து கிராம் கூழைத் தண்ணீரில் கரைத்து
பியூரெட்டைத் திருகுவேன்.
சொட்டு.
சொட்டு.
கடைசிச் சொட்டுக்கு முன்புவரை ஒன்றுமே தெரியாது.
அது விழுந்ததும்
குடுவை ரோஜா நிறத்துக்கு வந்துவிடும்.
புளிப்பு இத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.
நான் கையெழுத்துப் போடாமல்
ஒரு டிரம்கூடக் கப்பலேறாது.

என் மூக்கின் குற்றவாளியை
முதல் டாக்டரே பிடித்துக் கொடுத்துவிட்டார்:
பர்கூரில் கல் அறுக்கும் என் வீட்டுக்காரர் திம்மராயன்,
அவர் சட்டைத் தூசி.
வாசலில் ஆணி அடித்தேன்.
மார்கழிக் குளிரிலும்
வெற்று மார்போடுதான் உள்ளே வந்தார், பாவம்.
நொச்சி ஆவி பிடித்தேன்.
மூக்கில் மருந்து பீய்ச்சினேன்.
அலர்ஜி மாத்திரை போட்டு ஒருநாள்
பியூரெட் மேலேயே சாய்ந்து தூங்கினேன்.
ஈரத்தலையோடு படுக்கிறாய் என்றாள் நாத்தனார்,
அவள் தலை எப்போதும் ஈரம்.

சித்திரைக் கடைசியில்
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் புதிதாக வந்த டாக்டர் ஷஹனாஸ்
மூக்கு வழியே கேமராவை விட்டுத்
தொண்டைவரை இறங்கினார்.
குரல்வளைக்குப் பின்னால் ஒரு சிவப்பு.
என் குடுவையின் ரோஜாவுக்கு அது அக்கா.

"ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

மூக்கு டாக்டர் கேட்கிற கேள்வியா இது?
இரண்டரைக்குக் களியும் புளிக்குழம்பும்.
ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து
இரண்டு பரோட்டா, சால்னா, உடனே படுக்கை.

"நெஞ்செரிச்சல்?"

"இல்லீங்க. எழுந்திருக்கும்போது
வாயில மட்டும் புளிச்ச தண்ணி."
சொல்லி முடித்தபோதுதான்
என் காதில் விழுந்தது.

எல்லாருக்கும் இப்படி இல்லை என்றார்.
உங்களுக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.
வயிற்று அமிலம் மேலேறி
மூக்கின் பின்வாசலைச் சுடலாம்,
ரெண்டு மாசம் பார்ப்போம்.

பின்வாசல்.
நான் முன்வாசலில் ஆணி அடித்தவள்.
ஊர்ப் புளிப்பையெல்லாம் அளந்தவளுக்கு
உள்ளூர்ப் புளிப்பு கணக்கில் வரவில்லை.

கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்தச் சொன்னார்.
திம்மராயன் ஓரம் உடைந்து கழித்த
பாரடைசோ கல் இரண்டைத் தூக்கி வந்தார்,
ஏற்றுமதிப் பளபளப்போடு.
நான் சமாளித்துவிட்டேன்.
அவர்தான் விழிக்கும்போதெல்லாம்
கால்மாட்டுச் சுவரை மிதித்துக்கொண்டு
"மலையிறங்கிட்டேன்" என்கிறார்.
பரோட்டா போயிற்று. களி எட்டு மணிக்கு.
மாத்திரை வெறும் வயிற்றில்.
புளிக்குழம்பை மட்டும்
ஞாயிற்றுக்கிழமைகளில் ஏமாற்றிச் சாப்பிடுகிறேன்.

ஏழாவது வாரம்.
ஒழுகல் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது,
அல்லது அப்படி நினைக்கிறேன்.
விடியலில் கேட்டைத் தாண்டியதும்
மூக்கில் அறைந்தது ஒரு நாற்றம்.
ஆலைக்குப் பின்னால் அழுகும் கொட்டைமேடு.
ஊரே கலெக்டருக்கு மனு கொடுத்த நாற்றம்.
இடது துவாரத்தில் மட்டும்.
சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.
"என்னம்மா?" என்றார் சின்னபையன்.
"நாறுதுங்க" என்றேன்.
நான் சிரிப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

வீட்டு வாசலில் ஆணி.
பழக்கம் விடாமல் அங்கேதான் மாட்டுகிறார்.
மன்னிப்பு கேட்க நினைத்து
சட்டையை எடுத்து முகத்தில் வைத்தேன்.
கல்லுக்கு வாசம் கிடையாது.
வேர்வை.
கொஞ்சம் மிஷின் எண்ணெய்.
அப்புறம்,
கல்யாணமான வருஷமே விட்டுவிட்டேன் என்று
என் தலையிலடித்துச் சத்தியம் செய்த
பீடி.